ஹோஜாவா, ஜுஹாவா, சருகுமானா? பிள்ளைகளுக்கு யாரிடமிருந்து தொடங்குவது

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். கதை முடிந்து எல்லோரும் செருப்பு தேடும் நேரத்தில் பெற்றோரில் ஒருவர் என் பக்கம் வந்து நிற்பார். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "தெனாலிராமனும் பீர்பாலும் தீர்ந்துவிட்டார்கள். அடுத்து முல்லா புத்தகம் வாங்கலாமா? பிள்ளைக்கு ஆறு வயதுதான் ஆகிறது." சில வீடுகளில் வேறு மாதிரிச் சிக்கல். மலேசியாவிலிருந்து அத்தை சருகுமான் புத்தகம் கொண்டுவந்திருப்பார், துபாயிலிருந்து மாமா ஜுஹா புத்தகம் அனுப்பியிருப்பார். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் இரண்டும் அலமாரியில் தூங்கும்.

என் தவறை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கதை சொல்லத் தொடங்கிய புதிதில், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முல்லாவின் சாவிக் கதையைச் சொன்னேன். வீட்டுக்குள் தொலைத்த சாவியை முல்லா தெருவிளக்கின் அடியில் தேடுவார். ஏன் என்று கேட்டால், "இங்கேதானே வெளிச்சம் இருக்கிறது" என்பார். பெரியவர்கள் கேட்டால் தலையாட்டி ரசிக்கும் கதை. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த சிறுமி மட்டும் கை தூக்கி, "வீட்டுக்குள் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு போகலாமே?" என்றாள். அவள் சொன்னது சரிதான். கதையில் பிழையில்லை, அந்த வயதுக்கு அதை எடுத்ததுதான் பிழை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கதைக் கூட்டத்தை ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். துருக்கியின் ஹோஜா (நாம் சொல்லும் முல்லாவேதான்), அரபு நாடுகளின் ஜுஹா, மலாய் உலகின் சருகுமான், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் அபுனுவாசி, கசாக் புல்வெளியின் அல்தார் கோஸே. எல்லோரும் முஸ்லிம் சமூகங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த ஏமாற்றுக்காரர்கள். ஆனாலும் ஒருவர் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க முடியாது.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவதும் முக்கியமானதும், சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்பது. பலசாலியின் தலையிலா, சொல்பவரின் தலையிலேயேவா, அல்லது ஒரு பாவப்பட்டவரின் தலையிலா? 'புத்திசாலித்தனமான கதை' என்று அட்டையில் போட்டிருந்தால் அது எதையும் சொல்வதில்லை. ஒரு கதையை நான்கு வயதில் சொல்லலாமா, பத்து வயதுவரை காத்திருக்கலாமா என்பதை இந்த ஒரு கேள்வியே பாதி முடிவு செய்துவிடும்.

இரண்டாவது, இடையில் நிறுத்தி விளக்காமல் புரியுமா. காஜி யார், ஹம்மாம் என்றால் என்ன, சுல்தான் ஏன் அவரைக் கூப்பிட்டார் என்று மூன்று முறை நிறுத்தினால் சிரிப்பு ஆறிப்போய்விடும். மூன்றாவது, வாயால் சொல்லும்போது நிற்குமா. சில கதைகள் அச்சில் ஒரு பத்தியாகப் பளபளக்கும், வாயில் வந்தால் பத்து நொடியில் முடிந்து அசட்டுத்தனமாக இருக்கும். நான்காவது, அட்டைக்குள் ஒளிந்திருக்கும் செலவு. மனைவியைக் கேலி செய்யும் துணுக்குகள், அடிதடி, குடி, ஒரே கதையை இரண்டு புத்தகத்தில் வாங்கும் வீண் செலவு எல்லாம் இதில் அடக்கம்.

## சருகுமான்: பலசாலியைப் பார்த்துச் சிரிப்பது

மலாய் மொழியில் இதன் பெயர் சாங் கஞ்சில். 'சாங்' என்பது மரியாதை முன்னொட்டு. பூனை அளவே இருக்கும் விலங்குக்கு அந்த மரியாதை கிடைப்பதே பாதி வேடிக்கை. மான் என்றதும் பிள்ளைகள் கிளைகிளையாகக் கொம்பு வரைவார்கள். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது, கால்கள் பென்சில் போல இருக்கும். இதன் உறவுக்கார இனம் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, அதனால் ஒரு படத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

எல்லோருக்கும் தெரிந்த கதை முதலைகளுடையது. ஆற்றுக்கு அக்கரையில் பழம். ஆறு நிறைய முதலை. சருகுமான் கரையில் நின்று, "சுலைமான் அரசரின் கட்டளை! உங்களுக்கெல்லாம் விருந்து வைக்கிறார். எத்தனை பேர் என்று நான் எண்ண வேண்டும், வரிசையாக மிதந்து நில்லுங்கள்" என்று கூவும். முதலைகள் ஏன் நம்புகின்றன என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் இருக்கிறது. சுலைமான் நபிக்குப் பறவைகளின் பேச்சு அருளப்பட்டது என்று குர்ஆன் சொல்கிறது. காட்டு விலங்குகளும் அவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டவை என்பது மக்களின் நம்பிக்கை. அவர் பெயரைச் சொன்னால் முதலை மறுக்க முடியாது. கதையின் வேர் அந்தத் தீவுகளில் இஸ்லாம் பரவுவதற்கு முந்தியது. பஞ்சதந்திரத்துக் குரங்கும் முதலையும் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். அந்தப் பழைய தந்திரத்துக்குள் சுலைமானின் பெயர் வந்து உட்கார்ந்ததும் அது மலாய் முஸ்லிம்களின் கதையாகிவிட்டது.

பிறகு சருகுமான் ஒவ்வொரு முதுகாகத் தாவும். மலாயில் அப்போது ஒரு பாட்டு வரி உண்டு: "சாத்து, துவா, தீகா, லெக்கோக்!" ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் வரி. நூலகத்தில் நான் இதைச் சொல்லும்போது பிள்ளைகளே முதலைகளாகத் தரையில் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். நான் விரலால் ஒவ்வொரு முதுகிலும் தட்டிக்கொண்டே போவேன். நாலு வயதுப் பிள்ளைகூட இரண்டாவது முறை அந்த வரியைச் சேர்ந்து சொல்லும். விளக்கம் எதுவும் தேவைப்படாத கதை என்றால் இதுதான்.

எடுபடும் இடம்: நான்கிலிருந்து ஏழு வயது, பெரிய கூட்டம், ஆடிப் பாடும் மாலை. சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பள்ளியிலேயே பழக்கமான முகம். மலாக்கா நகரம் பிறந்த கதையிலேயே, பரமேஸ்வரன் என்ற இளவரசரின் வேட்டை நாயை ஒரு வெள்ளைச் சருகுமான் ஆற்றில் உதைத்துத் தள்ளுகிறது. 1994-இல் மலேசியா விற்ற குட்டிக் காருக்கும் இதே பெயர்தான் வைத்தார்கள்.

மறைந்திருக்கும் செலவு: சருகுமான் பொய் சொல்லும், பொய் பலிக்கும், தண்டனை கிடையாது. முதலைக்கும் புலிக்கும் எதிராக என்றால் சரி, அவை அதைத் தின்ன வந்தவை. ஆனால் வெள்ளரித் தோட்டக் கதையில், கூண்டில் மாட்டிக்கொண்ட சருகுமான் விருந்து இருக்கிறது என்று சொல்லி நாயை ஏமாற்றிக் கூண்டுக்குள் போட்டுவிட்டுத் தப்பும். அந்த நாய் என்ன பாவம் செய்தது? என் கூட்டத்தில் இதைச் சொன்ன அன்று இரண்டு பேர் நாய்க்காக அழுதார்கள். அதன் பிறகு நான் அதைத் தொடுவதில்லை. மாற்றாக, நத்தையோடு நடக்கும் ஓட்டப்பந்தயத்தைச் சொல்லுங்கள். ஆற்றோரம் முழுக்க நத்தையின் சொந்தக்காரர்கள் ஒளிந்திருந்து, சருகுமான் கூப்பிடும் இடத்திலெல்லாம் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று குரல் கொடுப்பார்கள். நம் ஆள் தோற்றுப்போவார். பிள்ளைகளுக்கு அதில் தனி மகிழ்ச்சி.

இன்னொன்று, இருப்பு குறைவு. நல்ல கதைகள் ஒரு பத்துப் பதினைந்து தேறும். இரண்டு மாதம் தாங்கும், ஒரு வருடம் தாங்காது.

## நஸ்ருதீன் ஹோஜா: தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பது

நாம் 'முல்லா' என்று சொல்பவர் துருக்கியில் ஹோஜா. ஹோஜா என்றால் ஆசிரியர். நம் ஊர் முஸ்லிம்கள் 'ஹஜ்ரத்' என்று சொல்வதற்கு நெருக்கமான சொல். 1208-இல் சிவ்ரிஹிசார் அருகே ஹொர்து என்ற கிராமத்தில் பிறந்து, அக்‌ஷெஹிர் என்ற ஊரில் 1284 வாக்கில் இறந்தார் என்பது அங்கே வழங்கும் மரபு. அக்‌ஷெஹிரில் உள்ள அவருடைய கல்லறையே ஒரு துணுக்கு. சுற்றிலும் தூண்களோடு திறந்து கிடக்கும் மண்டபம், அதன் முன்னால் ஒரு கதவு, கதவில் ஒரு பெரிய பூட்டு! இறந்த ஆண்டு, இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரி கணக்கில், 386 என்று பொறித்திருக்கிறது. அவர் கழுதையில் திரும்பி உட்கார்ந்து போனவர் அல்லவா, எண்ணையும் திருப்பிப் படிக்க வேண்டும்: 683, அதாவது நம் கணக்கில் 1284 வாக்கில். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நான் கதைக்கு முன்பு இந்தக் கல்லறையைத்தான் சொல்வேன். ஆளைப் பிடித்துவிடும்.

இவர் துருக்கிக்கு மட்டும் சொந்தமில்லை. அசர்பைஜான், கசகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துருக்கி, துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய ஏழு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்து, இவருடைய கதைகளைச் சொல்லும் மரபு 2022-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. முல்லா, அஃபந்தி, அபெந்தி என்று ஊருக்கொரு பெயர்.

பீர்பால் இருக்கும்போது இவர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பீர்பாலும் தெனாலிராமனும் எப்போதும் ஜெயிப்பார்கள். ஹோஜா பல நேரம் தோற்பார், தோற்றதைத் தானே சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகளின் கதை உலகில் அப்படிப்பட்ட பெரியவர்கள் மிகக் குறைவு. எனக்கு ஹோஜாவை முதன்மையாகப் பிடிப்பதும் இதற்காகத்தான்.

எந்தக் கதையை எந்த வயதில் என்பதில்தான் கவனம் வேண்டும். ஆறு ஏழு வயதுக்கு ஏரிக் கதை. ஹோஜா அக்‌ஷெஹிர் ஏரிக் கரையில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாக உறைமோரை ஏரியில் ஊற்றிக்கொண்டிருப்பார். "என்ன செய்கிறீர்கள் ஹோஜா?" "ஏரிக்கு உறை ஊற்றுகிறேன்." "ஏரி எங்கேயாவது தயிராகுமா?" "ஆகாது என்று எனக்கும் தெரியும். ஒருவேளை தோய்ந்துவிட்டால்?" துருக்கியில் அந்தக் கடைசி வரி பழமொழி போலவே புழங்குகிறது. இரவு பாலுக்கு உறை ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு சொல்கூட அந்நியமில்லை. கதைக்கு முன்பு ஒரு கிண்ணத்தில் மோரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எட்டு வயதுக்கு ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகையின் பிரசங்கக் கதை. ஹோஜா மேடையேறி, "நான் என்ன பேசப்போகிறேன் என்று தெரியுமா?" என்பார். "தெரியாது" என்பார்கள். "தெரியாதவர்களிடம் பேசி என்ன பயன்?" என்று இறங்கிப் போய்விடுவார். அடுத்த வெள்ளி உஷாராகி, "தெரியும்" என்பார்கள். "தெரிந்தவர்களுக்கு நான் எதற்கு?" மூன்றாவது வெள்ளி பாதிப் பேர் தெரியும், பாதிப் பேர் தெரியாது என்பார்கள். "நல்லது, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்!" பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து நான் இதை நடத்துவேன். மூன்றாவது வெள்ளியில் இரு பக்கமும் கூச்சல் போடும்போது நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

ஒருமுறை ஒரு தகப்பனார், "பள்ளிவாசலைக் கேலி செய்வதுபோல ஆகாதா?" என்று கேட்டார். நியாயமான தயக்கம். ஹோஜா அந்தப் பள்ளிவாசலுக்கு வெளியே நின்று கல்லெறிபவர் இல்லை. மேடையில் நிற்பவரே அவர்தான், சிரிப்பு தயாரிப்பில்லாமல் வந்த பிரசங்கியின் மேல் விழுகிறது. அதைச் சொன்னதும் அவருக்குத் திருப்தி. ஆனாலும் தொழுகை நடக்கும் நேரத்தை வைத்து வரும் சில துணுக்குகளை நானே விட்டுவிடுவேன், பல மதத்துப் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் அவை சரியாகப் போய்ச் சேராது.

பத்து வயதுக்கு, மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த பேரரசர் தைமூரின் யானை. தைமூர் ஊருக்குள் விட்ட யானை பயிரையெல்லாம் தின்கிறது. ஊரே திரண்டு ஹோஜாவை முன்னால் தள்ளிக்கொண்டு முறையிடப் போகிறது. போகப்போக ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். கூடாரத்துக்குள் நுழைந்து ஹோஜா திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமில்லை. "என்ன வேண்டும்?" என்கிறார் தைமூர். ஹோஜா ஒரு கணம் யோசித்து, "தங்கள் யானை தனியாக வாடுகிறது அரசே, ஜோடிக்கு ஒரு பெண் யானை தந்தால் ஊர் மகிழும்" என்கிறார். இதைக் கேட்டதும் வகுப்புத் தலைவர்களாக இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். உண்மையில் தைமூர் அனதோலியாவுக்கு (இன்றைய துருக்கிக்கு) வந்தது 1402 வாக்கில், ஹோஜா இறந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து. கதைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மறைந்திருக்கும் செலவு: ஹோஜாவிடம் இதுதான் அதிகம். 'முல்லா கதைகள்' என்ற பெயரில் வரும் தடிமனான தொகுப்புகளில் மூன்று வகைச் சரக்கு கலந்திருக்கும். ஒன்று நாட்டுப்புறக் கதை. இன்னொன்று பெரியவர்களின் ஆன்மிகத் தேடலுக்கு எடுத்தாளப்பட்டவை. சாவிக் கதையைப் போன்றவற்றுக்குக் கீழே ஒரு பக்கம் தத்துவ விளக்கம் இருக்கும். மூன்றாவது, யாரோ எங்கேயோ கேட்ட மனைவி ஜோக்கில் கணவன் பெயரை முல்லா என்று மாற்றியது. கடையில் நின்றுகொண்டே ஏதாவது ஐந்து பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு பக்கத்தில் மனைவி வாயாடியாக வந்தால் புத்தகத்தைத் திரும்ப வையுங்கள். கதைக்குக் கீழே 'நீதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அப்படியே. யானைக் கதையின் கீழே 'ஒற்றுமையே பலம்' என்று அச்சடித்தால் அதில் சிரிக்க என்ன மிச்சம்?

## ஜுஹா: ஹோஜாவின் அண்ணன், ஆனால் நம்ப முடியாத அண்ணன்

மொராக்கோ முதல் ஓமான் வரை சொல்லப்படுபவர். எகிப்தில் 'கோஹா' என்பார்கள். வயதில் ஹோஜாவுக்கு மூத்தவர். ஜுஹாவின் துணுக்குகள் அடங்கிய நூல் ஒன்று இருந்ததை 10ஆம் நூற்றாண்டின் பாக்தாத் நூற்பட்டியல் ஒன்றே குறிப்பிடுகிறது. அப்போது ஹோஜா பிறக்கவே இல்லை.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் எகிப்தில் துருக்கிக் கதைகள் அரபியில் அச்சேறியபோது, ஹோஜாவை 'ரூம் நாட்டு ஜுஹா', அதாவது அனதோலியாவின் ஜுஹா என்றே அழைத்தார்கள். இரண்டு ஆறும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால் அண்டா குட்டி போட்ட கதை இரண்டு புத்தகத்திலும் இருக்கும். அங்கியைச் சாப்பிடச் சொல்லும் விருந்துக் கதையும் அப்படியே. ஹோஜா தொகுப்பு வீட்டில் இருந்தால் ஜுஹா தொகுப்பில் பாதிக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்கிறீர்கள்.

பிறகு ஏன் ஜுஹா? சின்னப் பிள்ளைகளுக்கான அசட்டுக் கதைகளில் இவரை மிஞ்ச ஆளில்லை. பத்துக் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போவார். ஒன்றில் ஏறி உட்கார்ந்து எண்ணினால் ஒன்பது. பதறி இறங்கி எண்ணினால் பத்து. மறுபடி ஏறினால் ஒன்பது. கடைசியில், "ஏறிப் போய் ஒரு கழுதையை இழப்பதைவிட நடந்தே போகலாம்" என்று நடப்பார். தாய் "கதவைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனால், கதவைக் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு ஊர் சுற்றுவார். கதவு பத்திரம், வீடு திறந்து கிடக்கும். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது ஐந்து வயதுப் பிள்ளை தானும் தினமும் செய்வதுதான். தன்னைவிட அசடான ஒரு பெரியவரைப் பார்ப்பது அந்த வயதில் பெரிய ஆறுதல்.

பெரிய பிள்ளைகளுக்கு ஆணிக் கதை. ஜுஹா வீட்டை விற்கிறார், சுவரில் உள்ள ஒரே ஒரு ஆணியைத் தவிர. வாங்கியவர் சிரித்துக்கொண்டே சம்மதிக்கிறார். மறுநாள் ஜுஹா ஆணியைப் பார்க்க வருகிறார். அதற்கடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் வருகிறார். பிறகு பாயோடு வந்து, "என் ஆணியின் நிழலில் படுத்துக்கொள்கிறேன்" என்கிறார். வாங்கியவர் வீட்டையே விட்டுவிட்டு ஓடுகிறார். அற்பச் சாக்கை வைத்து உள்ளே நுழைந்துகொண்டே இருப்பவரை அரபியில் இன்றும் 'ஜுஹாவின் ஆணி' என்று சுட்டுவார்கள். ஒன்பது வயதுக்கு இது நல்ல கதை, ஆனால் ஜுஹா இதில் அசடு இல்லை, அப்பட்டமான மோசடிக்காரர்.

மறைந்திருக்கும் செலவு அங்கேதான். திங்கள்கிழமை முட்டாள், செவ்வாய்க்கிழமை கில்லாடி. "இவர் நிஜமாகவே முட்டாளா, நடிக்கிறாரா?" என்று பிள்ளை கேட்கும். ஹோஜாவுக்கு ஓர் ஊர், ஒரு வேலை, ஒரு ஏரி என்று முகம் உண்டு. ஜுஹாவுக்கு அப்படி நிலையான முகம் கிடையாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை கேட்ட முதல் முஸ்லிம் கதைமாந்தரே ஜுஹாதான் என்றால், தலைப்பாகை கட்டியவர் என்றாலே அசடு என்று மனதில் பதியும் அபாயம் இருக்கிறது. முஸ்லிம் அல்லாத வீடுகளிலும் பள்ளிகளிலும் இவரை முதலாவதாக எடுக்க வேண்டாம் என்பேன். இரண்டாவதாக வரட்டும், தடையில்லை.

## அபுனுவாசி: சுல்தானைப் பார்த்துச் சிரிப்பது

சான்சிபார், மொம்பாசா பக்கத்து சுவாஹிலி மக்களின் நாயகர். பெயர் வந்தது பாக்தாத் கவிஞர் அபூ நுவாஸிடமிருந்து. ஆயிரத்தொரு இரவுகளில் பாக்தாதின் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் அரண்மனையில் உலவுபவரும் அவரே. கடல் தாண்டி வந்ததும் கவிதையெல்லாம் உதிர்ந்து, குறும்பு மட்டும் கரை சேர்ந்தது. இந்தோனேசியாவிலும் அபு நவாஸ் என்ற பெயரில் இவர் உண்டு.

ஒரு கதை போதும். சுல்தான், "ஆகாயத்தில் எனக்கு ஒரு வீடு கட்டு" என்கிறார். அபுனுவாசி ஒரு பெரிய காற்றாடி செய்து, அதில் மணிகளைக் கட்டிப் பறக்கவிடுகிறார். மேலே ஒரு புள்ளி தெரிகிறது, கிணுகிணு என்று சத்தம் கேட்கிறது. "கேட்கிறதா? கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள். கல்லும் சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டதாம், ஆள் விட்டு அனுப்பிவையுங்கள்." "ஆகாயத்துக்கு எந்த வழியாக ஆள் அனுப்புவது?" "வழியே இல்லை என்று தெரிந்தும் வீடு மட்டும் கட்டச் சொன்னீர்களா?"

தெனாலிராமனைக் கரைத்துக் குடித்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடுத்த படி இதுதான். அரசர், சவால், எதிர்ச்சவால் என்ற சட்டகம் பழகியது. இடம் மட்டும் புதிது. ஆப்பிரிக்காவின் கரையில் ஒரு முஸ்லிம் சுல்தான், பாய்மரக் கப்பல், கிராம்பு மணக்கும் ஒரு தீவு என்று உலகப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு சொல்லலாம்.

செலவு: தமிழில் இவருக்கென்று நல்ல தொகுப்பு என் கண்ணில் படவில்லை, நீங்களே ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். சில கதைகளில் பழிவாங்கல் கடுமையானது, முன்கூட்டியே படித்துப் பாருங்கள். பதின்மூன்று வயதில் பிள்ளை அந்த நிஜக் கவிஞரின் பெயரைத் தேடினால் மதுவைப் பாடிய கவிதைகள் வந்து விழும். அது பெரிய விபரீதம் இல்லை, ஆனால் வீட்டில் யாராவது அதிர்ச்சியடைவதற்கு முன் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

## அல்தார் கோஸேயும் இன்னும் சிலரும்

கசாக் மக்களின் அல்தார் கோஸே தாடி முளைக்காத ஏமாற்றுக்காரர். கடும் பனியில் எழுபது ஓட்டை உள்ள கிழிந்த அங்கியோடு பாடிக்கொண்டே வருவார். கனத்த தோல் அங்கிக்குள்ளும் நடுங்கிக்கொண்டு வரும் பணக்காரர் வியந்து கேட்பார். "காற்று ஒரு ஓட்டையில் நுழைந்து மறு ஓட்டையில் போய்விடுகிறது, எனக்குள்ளே குளிரே தங்குவதில்லை." பணக்காரர் தன் அங்கியைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வார். எங்கள் ஊரின் மே மாத வெயிலில் இதைச் சொன்னால் குளிர் புரிவதில்லை. ஐஸ்கட்டியைக் கையில் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

துருக்கியின் கெலோலான் மொட்டைத்தலைச் சிறுவன், வயதான தாயோடு வாழும் சோம்பேறி, பூதங்களை ஏமாற்றுபவன். நாயகன் சிறுவனாகவே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இவனைக் கொடுங்கள். பாக்தாதின் பஹ்லூல் குச்சியைக் குதிரையாக ஓட்டும் ஞானப் பித்தர். அவரைப் பன்னிரண்டு வயதுக்கு முன் தொட வேண்டாம். பக்கத்து மலபாரில், 18ஆம் நூற்றாண்டு மாப்பிளை (மலபார் முஸ்லிம்) கவிஞர் குஞ்ஞாயின் முஸ்லியார், கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் அமைச்சர் மங்ஙாட்டச்சனோடு மல்லுக்கட்டும் கதைகள் மலையாளத்தில் இருக்கின்றன. மலையாளம் படிக்கத் தெரிந்த யாராவது இவற்றைத் தமிழில் சொல்லத் தொடங்கினால் நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

## ஒரே பார்வையில்

| யார் | சிரிப்பு யார் மேல் | தொடங்கும் வயது | விட்டுவிட வேண்டியது |
|---|---|---|---|
| சருகுமான் | பலசாலி மேல் | 4 | நாய், கூண்டுக் கதை |
| ஜுஹா | அசட்டுத்தனம் மேல், சில நேரம் ஏமாந்தவர் மேல் | 5 | மோசடிக் கதைகளை 9 வயதுவரை |
| ஹோஜா | தன் மேல் | 6 | மனைவி ஜோக்குகள், தத்துவ விளக்கம் |
| அல்தார் கோஸே | கஞ்சன் மேல் | 7 | பெரிதாக எதுவுமில்லை |
| அபுனுவாசி | அதிகாரம் மேல் | 9 | கடும் பழிவாங்கல் |

வயதைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு வயதிலேயே ஏரிக்கு உறை ஊற்றும் கதையைப் பிடித்துக்கொண்ட பிள்ளையை எனக்குத் தெரியும். பதினொரு வயதிலும் முதலையாகப் படுத்துக்கொள்ள வெட்கப்படாத பையனையும் தெரியும்.

## எந்த வீட்டுக்கு எது

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் ஹோஜா, அதுவும் மெல்லிய, படம் போட்ட, நீதி போடாத பதிப்பு. நூற்றுக்கணக்கான கதைகள் கொண்ட மரபு, பிள்ளையோடு சேர்ந்து வளரும். புத்தகமே வேண்டாம், வாயால் சொல்கிறேன் என்றால் சருகுமானில் தொடங்குங்கள். வகுப்பறைக்கு, முதல் வாரம் சருகுமான், இரண்டாவது வாரம் ஹோஜாவின் பிரசங்கம். சுட்டிப் பிள்ளை, எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி கேட்கும் என்றால் அபுனுவாசியிடம் விட்டுவிடுங்கள், இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். புதிய ஊருக்கு மாறி வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, தோற்றாலும் கூச்சப்படாத ஹோஜா.

போன மாதம் ஒரு தாய் கேட்டார், நாலு வயதும் ஒன்பது வயதும் ஒரே பாயில் படுக்கின்றன, ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிப்பதில்லை என்று. ஜுஹாவின் கழுதைகளைச் சொல்லச் சொன்னேன். பத்துப் புளியங்கொட்டைகளைப் பாயில் வரிசையாக வைத்து, ஜுஹா ஏறும்போதெல்லாம் ஒன்றை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும். சின்னது ஒவ்வொரு முறையும் விரல் வைத்து எண்ணும். பெரியதுக்கு முதல் முறையிலேயே விஷயம் தெரிந்துவிடும், சொல்லிவிடாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும்.